சர்ஜ் ப்ரொடெக்டர் கம்ப்யூட்டரைத் தாங்குமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் பில் போடும் நேரத்தில் அடிக்கடி கேட்பது இது: "பவர் சப்ளையில் 650 வாட் என்று போட்டிருக்கிறதே, இந்தச் சின்ன சர்ஜ் ப்ரொடெக்டர் தாங்குமா?"

சர்ஜ் ப்ரொடெக்டர் என்பது, வோல்டேஜ் திடீரென்று எகிறினால் கம்ப்யூட்டரைக் காப்பாற்றும் சாக்கெட் பெட்டி. அது தாராளமாகத் தாங்கும். 650 வாட் என்பது அந்தப் பவர் சப்ளையால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு. எந்நேரமும் அவ்வளவு இழுக்காது. மெயில், கணக்கு வழக்கு என்று ஓடும்போது பல கம்ப்யூட்டர்கள் 100 வாட்டை ஒட்டியே இருக்கும். பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடினால் 400, 500 வரை ஏறும். மானிட்டர், ரவுட்டர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 600 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை வோல்ட்டால் வகுத்தால் ஆம்ப் வந்துவிடும்: 230 வோல்ட் லைனில் சுமார் 2.6, 120 வோல்ட் லைனில் 5. ப்ரொடெக்டரைத் திருப்பிப் பாருங்கள், 10 ஆம்ப் அல்லது 15 ஆம்ப் என்று அச்சிட்டிருக்கும். 6 ஆம்ப் என்றிருந்தால்கூடப் போதும்.

சிக்கல் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் சாக்கெட்டில்தான் ஆரம்பிக்கிறது. ஒருவர் கொண்டுவந்த ப்ரொடெக்டரில் ஒரே ஒரு சாக்கெட் மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகி இளகி நின்றது. கம்ப்யூட்டர்தான் காரணம் என்று அவர் நினைத்திருந்தார். கேட்டுப் பார்த்தால், அது ரூம் ஹீட்டர் மாட்டிய இடம். ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் என்று சூடு பண்ணும் எதையும் அதில் செருகாதீர்கள். லேசர் பிரிண்டரும் இந்தக் கூட்டம்தான். உள்ளே உருளை சூடாகும் சில நொடிகளில் 1000 வாட் வரைகூட இழுக்கும். ஒரு ப்ரொடெக்டரில் இன்னொன்றை மாட்டி நீட்டுவதும் வேண்டாம்.

அப்புறம் இந்த ஜூல். அட்டையில் 2000 ஜூல் என்றிருப்பதை 2000 வாட் தாங்கும் என்று படிக்கிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே வேரிஸ்டர் என்று பொத்தான் அளவில் ஒரு வில்லை இருக்கிறது. வோல்டேஜ் ஒழுங்காக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். திடீரென்று எகிறினால், அந்த உபரியைத் தன் வழியாகத் திருப்பிவிட்டு அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். வாங்கும் ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் தேயும். எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கான கணக்குதான் ஜூல். முழுக்கத் தேய்ந்த பிறகும் பல மாடல்களில் கரண்ட் வந்துகொண்டேதான் இருக்கும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. பாதுகாப்பு உயிரோடு இருப்பதைக் காட்டத் தனி விளக்கு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சுவிட்ச்சுக்குள் எரியும் சிவப்பு விளக்கு அதுவல்ல, அது கரண்ட் வருவதை மட்டுமே சொல்லும்.

எர்த் இல்லாத பாயின்ட்டில் மாட்டினால் பாதி வேலைதான் நடக்கும். கரண்ட் போவதற்கும் லோ வோல்டேஜுக்கும் யுபிஎஸ் வேண்டும், இது உதவாது. பக்கத்தில் இடி இறங்கினால் எந்தப் பெட்டியையும் நம்ப வேண்டாம். மேகம் கறுக்கும்போதே பிளக்கையும் நெட் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய ப்ரொடெக்டர் பற்றிச் சந்தேகம் இருந்தால் கடைக்கு எடுத்து வாருங்கள், அடியில் உள்ளதைப் படித்துச் சொல்கிறோம். வில்லை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை மட்டும் வெளியிலிருந்து பார்த்து எங்களாலும் சொல்ல முடியாது.

அன்புடன்,
கடை நண்பர்கள்