அந்த ஒற்றைக் கோடு

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பழையபடி படிக்க முடிகிறது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். எனக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மற்றபடி நலம்.

மலை உச்சியில் கடல் உயிர்களின் எச்சம் எப்படி வந்தது, பெருவெள்ளம் கொண்டுபோய்ப் போட்டதா என்று உன் பேத்தி கேட்டாளாமே. கெட்டிக்காரி. வெள்ளம் போட்டிருந்தால் அவை பாறையின் மேல் கிடக்க வேண்டும். பாறைக்குள்ளே அல்லவா பதிந்திருக்கின்றன! எவரெஸ்ட்டின் உச்சியே சுண்ணாம்புக்கல்தான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் படிந்தது. அதில் ட்ரைலோபைட், கடல் அல்லி போன்ற பழங்காலக் கடல் விலங்குகளின் துணுக்குகள் இருக்கின்றன. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியபோது, இடையில் இருந்த கடலின் தரையே நசுங்கி, மடிந்து, மேலே ஏறிவிட்டது. இன்னும் ஏறுகிறது. ஏற ஏறப் பனியாறுகளும் மழையும் ஆறுகளும் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. தேய்ந்த மண் வங்காள விரிகுடாவின் அடியில் சுமார் 3000 கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் பரவிக் கிடக்கிறது. இமயமலையின் ஒரு பகுதி இப்போதே கடலுக்குள் போய்விட்டது என்று பேத்தியிடம் சொல்.

அவள் கேள்வியைப் படித்ததும் நம் கல்லூரிக் களப்பயணம் நினைவுக்கு வந்தது. வெயிலில் நின்று பாறை அடுக்குகளை வரைந்தோமே! கீழே செங்குத்தாக நின்ற சாம்பல்நிற அடுக்குகள், அவற்றின் தலையைச் சீவிவிட்டதுபோல் மேலே படுத்திருந்த சிவப்பு அடுக்குகள். இரண்டுக்கும் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்தோம். மதிப்பெண்ணுக்காக இழுத்த கோடு. அடுக்குகளுக்கெல்லாம் பெயர் எழுதிய நாம் அந்தக் கோட்டுக்கு எதுவும் எழுதவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்து இப்போது எனக்கு அந்தக் கோடுதான் பெரிதாகத் தெரிகிறது.

1788-இல் புவியியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் தன் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் இருவரோடும் படகில் போய், ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் பார்த்தது இப்படிப்பட்ட ஒன்றைத்தான். கடலடியில் மணலும் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாக வேண்டும். அது மடிந்து நிமிர்ந்து நீருக்கு மேலே வர வேண்டும். காற்றும் மழையும் அதன் தலையைத் தேய்க்க வேண்டும். பிறகு அதன்மேல் புதிதாக மணல் படிய வேண்டும். இத்தனையும் நடந்து முடிந்த இடம் அது. உலகத்தின் வயது ஆறாயிரம் ஆண்டுகள் என்று பலரும் நம்பிய காலம். அந்தப் பாறைகள் காட்டிய காலத்தின் ஆழத்தைப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது என்று பிளேஃபேர் பின்னர் எழுதினார். கீழ்ப்பாறைக்கும் மேற்பாறைக்கும் இடையே சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகள் இருக்கும் என்று இன்று கணக்கிடுகிறார்கள். கை அகலம்கூட இல்லாத இடத்தில் அவ்வளவு காலம்! அப்போது மழை பெய்திருக்கும், ஏதேதோ உயிர்கள் பிறந்து மடிந்திருக்கும். அங்கே அவை எதுவும் மிஞ்சவில்லை.

உயிர்களின் கதையும் அப்படித்தான். செத்ததெல்லாம் கல்லாகிவிடுவதில்லை. பெரும்பாலானவை அழுகிக் கரைந்துவிடும், அல்லது வேறொன்றுக்கு இரையாகும். சீக்கிரமாகச் சேற்றில் புதைந்த ஒன்றிரண்டுதான் தப்பும். அப்படித் தப்பியதையும் பிறகு அரிப்பு தின்றுவிடலாம். நம் கைக்கு ஒரு புதைபடிவம் வந்து சேர்வதே பெரும் பேறு.

என் தம்பி மகள் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். நடுவே அறுத்து மெருகேற்றிய அம்மோனைட். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிர் அது. டைனோசர்களின் காலம் முடிந்த அதே சமயத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த இனமும் பூண்டோடு அழிந்துபோனது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுருளுக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். உள்ளறைகளில் கண்ணாடிபோல் கால்சைட் படிகங்கள் மின்னுகின்றன. வெளிப்பக்கக் கடைசி அறையில் மட்டும் பழுப்புச் சேறு இறுகிக் கிடக்கிறது. அந்த உயிர் குடியிருந்தது அந்த அறையில்தான். அதன் உடல் அழிந்ததும், திறந்து கிடந்த வாசல் வழியாகக் கடற்சேறு உள்ளே புகுந்துவிட்டது. மூடியிருந்த உள்ளறைகளுக்குள் சேறு புக வழியில்லை. மிதப்பதற்காக அது காற்று நிரப்பி வைத்திருந்த இடங்கள் அவை. அந்த வெற்றிடத்தில்தான் பிறகு கசிந்த நீரிலிருந்து படிகம் மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. நேற்று மாலை முழுவதும் அந்தப் பழுப்பு அறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பாதிகளில் ஒன்றை இந்தக் கடிதத்தோடு உனக்கு அனுப்புகிறேன். பஞ்சில் சுற்றியிருக்கிறேன், மெதுவாகப் பிரி. பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து அறைகளை எண்ணச் சொல். சுருளின் நடுவில் மிகவும் நுணுக்கமாக இருக்கும். அவள் கண்ணுக்குத்தான் அது தெரியும். என் பாதியில் 23 வரை எண்ண முடிந்தது. அவளுக்கு எத்தனை கிடைத்தது என்று எழுது.

அன்புடன்,
மங்கை