நெட்டாலுக்குக் கப்பலேறிய கிளையைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

தென்னாப்பிரிக்காவில், டர்பன் இருக்கும் நெட்டால் பகுதியில், எங்கள் பங்காளிகள் இருப்பது உறுதியாகிவிட்டது. போன வாரம் இரண்டு வீட்டாரும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசினோம். தனித்தனியாக நன்றி சொல்லியாயிற்று. ஆனாலும் யார் என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்குள் ஒருவருக்கொருவர் தெரியாது, அதனால்தான் இந்த மடல். சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் போடவில்லை. படித்தால் அவரவருக்குப் புரியும்.

முதலில், ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஐயா. என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் ரங்கூன் போனவர் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வந்தார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று பெட்டியில் கிடந்தும், புள்ளியே வைக்காத அந்தக் கையெழுத்தை யாராலும் வாசிக்க முடியவில்லை. ஐயா பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். மூத்தவன் நெட்டாலுக்குக் கப்பலேறிவிட்டபடியால், அவன் திரும்பி வந்தால் அவன் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று தம்பிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். சார்வரி வருடம் தை மாதம் என்று இருந்தது. அந்த வருடப் பெயர் அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பி வரும். முத்திரைத்தாளில் விக்டோரியா மகாராணி தலை, ஆகவே 1961 இல்லை. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் கூலி ஆட்களோடு டர்பன் போய்ச் சேர்ந்ததே 1860 நவம்பர் 16 அன்றுதான், ஆகவே 1841ஆகவும் இருக்க முடியாது. 1901 என்று ஐயா முடித்துவிட்டார். இதற்குக் கூலி என்று ஒரு பைசா வாங்கவில்லை.

அப்புறம், கப்பல் பட்டியலைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த டர்பன் ஆசிரியை. 1911 வரை நெட்டாலுக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏறக்குறைய 1,52,000 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் பதிவாகியிருக்கும். ஆனால் குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆன கதை தெரிந்ததுதானே! பெயரை நம்பாதீர்கள், தாலுகாவையும் தகப்பன் பெயரையும் பிடித்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் சத்தமாக வாசித்துப் பாருங்கள் என்றார் ஆசிரியை. மனதுக்குள் படித்தால் ஒட்டாத பெயர் வாய்விட்டுச் சொன்னதும் எங்கள் ஊர்ப் பெயராகிவிட்டது. அடையாளம் என்ற இடத்தில் 'இடது முழங்காலில் தழும்பு' என்று இருந்தது. அவரைப் பற்றி எங்களிடம் வேறு ஒரு படம்கூடக் கிடையாது.

உறவே இல்லாத ஒரு குடும்பத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். அதே பெயர், அதே தகப்பன் பெயரோடு இன்னொருவர் பட்டியலில் இருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆவணங்களை எல்லாம் இறக்கிப் பார்த்து, ஜில்லா வேறு, நாங்கள் உங்கள் ஆட்கள் இல்லை என்று எழுதினார்கள். அதோடு விட்டிருக்கலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் பழைய சொத்துக் கோப்புகள் இருக்கின்றன, இறப்பு அறிவிப்பில் பெற்றோர் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருக்கும் என்ற துப்பையும் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், தேடல் திரும்பிய இடம் அதுதான். கோப்பைத் தேடி எடுத்துப் படம் அனுப்பிய காப்பக ஊழியருக்கும் நன்றி. அந்த ஒரு தாளில் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையாக இருந்தார்கள்.

என் அத்தைக்குத் தனி நன்றி. உறவைக் கண்டுபிடிக்கும் மரபணுப் பரிசோதனைக்கு எச்சில் கொடுக்க என்னைவிட அத்தையே சரி, ஒரு தலைமுறை மேலே இருப்பவர் என்று ஆசிரியைதான் சொன்னார். கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்றால், என் தலைமுறையில் பொதுவாக இருக்கும் மரபணு சராசரியாக ஒரு சதவீதம்கூட வராது. பத்தில் ஒருவருக்குப் பொருத்தமே காட்டாமலும் போகும். அத்தை தலைமுறையில் மூன்று சதவீதம் வரை எதிர்பார்க்கலாம். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பங்களில் அந்தக் கணக்கும் கொஞ்சம் வீங்கித்தான் காட்டும், அதனால் காகிதச் சான்று இல்லாமல் அதை மட்டும் நம்பக் கூடாது. "துப்புறதுக்கு ஒரு குழாயா?" என்று கேட்டுக்கொண்டே குழாயை நிரப்பிக் கொடுத்தார் அத்தை.

கடைசியாக, கப்பலேறியவர் வழியில் வந்த டர்பன் பெரியப்பாவும் அக்காவும். முன்பின் தெரியாத ஒருவன் உறவு என்று சொல்லிக் கடிதம் போட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அக்கா முதலில் அத்தாட்சி கேட்டார், அது நியாயம். இங்கேயும் நிலைமை ஒன்றும் மேல் இல்லை. பத்திரத்தில் பங்கு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எங்கள் சித்தப்பாக்கள் இருவருக்கும் தூக்கமில்லை. வீடியோவில் இதை மறைப்பதா சொல்வதா என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, அத்தை போட்டு உடைத்துவிட்டார். அக்கா மொழிபெயர்த்துச் சொல்ல, பெரியப்பா சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. நிலம் வேண்டாம், அந்தப் பத்திரத்தின் நகல் ஒன்று வேண்டும், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்றார். சித்தப்பாக்கள் அதற்கப்புறம்தான் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

நகல் அனுப்பியாயிற்று. இதேபோல் தேடிக்கொண்டிருப்பவர்கள் கேட்டால் பத்திரத்தின் படத்தையும் பட்டியல் பக்கத்தையும் தருகிறேன், பெரியப்பா சம்மதித்துவிட்டார். உயிரோடு இருப்பவர்கள் பெயர் மட்டும் மறைத்திருக்கும். பெரியப்பாவின் பாட்டி வழி உறவு இன்னும் பிடிபடவில்லை. அதற்கும் உங்களைத்தான் தொந்தரவு செய்யப் போகிறேன்.

நன்றியுடன்,
பத்திரப் பெட்டிக்குச் சொந்தக்காரன்