வேலையை விட்டுவிட்டுக் கதை எழுத வராதீர்கள், மக்களே

குமரி மாவட்டத்தில் புதிதாகக் கதை எழுத வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

22 வருடம் நாகர்கோவிலில் பஸ் கண்டக்டராக இருந்தவன், இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன் எழுதுகிறேன். சமீபத்தில் ஒரு கதைப் போட்டிக்கு என்னையும் நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த 41 கதைகளில் பாதி சென்னையில் நடக்கிறது. காபி ஷாப், கண்ணாடி ஜன்னல், வெளியே மழை.

குலசேகரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் கதையும் அதே ரகம். பரிசளிப்பு அன்று பேச்சுவாக்கில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். ரப்பர் பால்வெட்டாம்.

"மழ பெஞ்சா?"

"வெட்டு கெடையாது சார். பட்ட நனைஞ்சா பாலு சிரட்டையில விழாது, மரத்துலயே பரந்து போவும். அப்பா திண்ணையில பீடி குடிச்சிட்டு இருப்பாரு. அன்னைக்கு அம்ம பேசமாட்டா."

இந்த மழையை வீட்டில் வைத்துக்கொண்டா கண்ணாடி ஜன்னல் மழையை எழுதினாய் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சொல்லி முடித்ததும் அவளே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

அப்புறம் உரையாடல். உங்கள் பாத்திரங்கள் எல்லாரும் மேடையில் நிற்பதுபோல முழு வாக்கியம் பேசுகிறார்கள். பஸ்ஸில் அப்படிப் பேசிய ஒருவரை நான் பார்த்ததில்லை. ஒருநாள் மகளோடு ஏறிய ஒரு அம்மா சொன்னது: "தக்கலைக்கு ரெண்டு. வரும்போ ஒண்ணுதான்." நான் திரும்பி வரும் டிக்கெட்டைக் கேட்கவே இல்லை. என் முதல் கதை அதுதான்.

சில பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா என்று கேட்கிறீர்கள். நம்ம ஊர் எழுத்தாளர்களைப் பாருங்கள். சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் படித்தது மலையாளம், பிழைப்புக்குச் செய்தது மிளகாய் வத்தல் வியாபாரம். 1997-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது தமிழில் எழுதி. பொன்னீலன் கல்வித்துறை, நாஞ்சில் நாடன் கம்பெனி விற்பனை வேலை. வேலை எழுத்தைத் தின்றுவிடும் என்பீர்கள். நேரத்தைத் தின்னும், அது சரிதான். ஆனால் டிக்கெட் பை தோளில் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இரண்டு வாக்கியமும் என் காதில் விழுந்திருக்காது.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். ராயல்டி, அதாவது விற்ற புத்தக விலையில் எழுதியவருக்கு வரும் பங்கு, 10 சதவீதம் என்று வையுங்கள். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் கையில் 6,000 ரூபாய். அதுவும் கேட்டு வாங்க வேண்டும். நானோ முதல் தொகுப்புக்கு ஒரு பதிப்பாளருக்குப் பணம் கொடுத்து, வந்த கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். கரையான் நன்றாக வாசித்தது. நீங்கள் பணம் கொடுக்காதீர்கள். உரிமையை வாய்வார்த்தையாகவும் கொடுக்காதீர்கள். பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் சட்டப்படி செல்லும். எத்தனை வருடம் என்று அதில் போடாவிட்டால் 5 வருடம் என்றே 1957-ஆம் வருடச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் 'எல்லா உரிமையும், என்றைக்கும்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அந்தக் குலசேகரத்துப் பிள்ளை கதையைத் திருத்தி அனுப்புவதாகச் சொன்னாள். மழை தொடங்கிவிட்டது. தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கண்டக்டர்