ஆஸ்பெஸ்டாஸ் நோய்க்கு இரண்டு ஆண்டுக் கெடு எப்படிப் பொருந்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர் சிப்காட் வட்டாரத்து வாகன, உதிரிபாகத் தொழிற்சாலைகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேர்ந்தவர்கள் இப்போது ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர்கள் கையாண்ட பிரேக் லைனிங், கிளட்ச் தகடு, கேஸ்கெட், உலைக்கதவைச் சுற்றிய கயிறு, சூட்டுக்குப் போடும் கையுறை என்று பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பழைய பிரேக் லைனிங்கில் எடையில் பாதி வரைகூட அதுதான். லைனிங்கைக் கிரைண்டிங் செய்தாலும், ரிவெட்டுக்குத் துளை போட்டாலும், டிரம்முக்குள் ஏர் அடித்தாலும் இழைத்தூசி கிளம்பும். கண்ணுக்குத் தெரியும் சாம்பல்நிறத் தூசி கீழே படிந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத இழை.

அந்த இழை உடனே எதுவும் செய்யாது. நுரையீரல் தழும்பேறும் ஆஸ்பெஸ்டோசிஸ் வெளிப்படப் பெரும்பாலும் 10 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுநோய்க்கு 20 முதல் 50 ஆண்டுகள். சட்டமோ வேறு கணக்குப் போடுகிறது. 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 10-வது பிரிவு, வேலையை விட்ட 2 ஆண்டுக்குள் அறிகுறி தென்பட்டால், தென்பட்ட நாளையே விபத்து நடந்த நாளாகக் கொள்கிறது. அந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். 58 வயதில் ஓய்வு பெற்று 67 வயதில் மூச்சு வாங்கத் தொடங்கியவர் என்ன செய்வார்? பிரிட்டனில் நோய் தெரியவந்த நாளிலிருந்துதான் 3 ஆண்டுக் கெடு ஓடும். இங்கும் அப்படித் திருத்தம் வர வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை.

அதற்காக வழியே இல்லை என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். போதிய காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க, இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. வேலையை விட்ட பிறகு வந்த நோயானாலும், அது அந்த வேலையால்தான் வந்தது என்று நிரூபித்தால் 3(2) பிரிவு கைகொடுக்கும். மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ், ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா மூன்றுமே இருக்கின்றன. இந்தச் சட்டத்துக்கும் ஈ.எஸ்.ஐ. சட்டத்துக்கும் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொழில்நோய்ப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகவே தொடர்கிறது; இங்கே சொல்லும் பிரிவு எண்கள் பழைய சட்டங்களுக்குரியவை. நாலைந்து கம்பெனி மாறியவர்கள் 'யார் மேல் கேஸ் போடுவது' என்று தயங்க வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ் வகை நோய்க்கு எல்லா முதலாளிகளுக்கும் பொறுப்பைப் பங்கிட்டுவிட ஆணையரால் முடியும். கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர்களுக்கு 12-வது பிரிவுப்படி முதன்மை முதலாளியே பொறுப்பு. மனுவைக் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே கொடுக்கலாம். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ இருப்பவர் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது, அந்த வேலைக்காலத்தில் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருந்ததா என்பது. இருந்திருந்தால் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவு ஆணையரிடம் போவதைத் தடுக்கிறது. ஈ.எஸ்.ஐ. மருத்துவ வாரியம் நிர்ணயிக்கும் ஊன விழுக்காட்டுக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாத உதவித்தொகை கிடைக்கும். இது தெரியாமல் தவறான இடத்தில் மனுப் போட்டு ஆண்டுகளை இழக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. இல்லாதவருக்குக் கணக்கு வேறு. 2020 ஜனவரி முதல் இழப்பீட்டுக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். வயதை வைத்துச் சட்டம் தரும் பெருக்கெண் 55 வயதுக்கு 135.56. முழு நிரந்தர ஊனம் என்றால் சம்பளத்தில் 60 விழுக்காடான 9,000 ரூபாயை அதனால் பெருக்க 12,20,040 ரூபாய் வரும். உழைப்புத் திறனில் 40 விழுக்காடு இழப்பு என்றால் 4,88,016 ரூபாய். உரிய ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டி தனி.

பெரும்பாலும் வழக்கு சாய்வது சட்டத்தால் அல்ல, ஆதாரம் இல்லாததால்தான். வேலை பார்த்த பிரிவின் பெயர் அச்சிட்ட சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வருங்கால வைப்புநிதிச் சீட்டு, கூட வேலை பார்த்த இருவரின் பிரமாண வாக்குமூலம் இவையெல்லாம் வேண்டும். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் முன்பு கொடுத்த ஓசூர்க் காகிதங்களில் 'தருமபுரி மாவட்டம்' என்று இருக்கும். அது பிழையல்ல, திருத்தப் போக வேண்டாம். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடம் பழைய ஆய்வறிக்கைகளையும் தூசி அளவீடுகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பில், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது. 'பழைய ரெக்கார்டு அழிந்துவிட்டது' என்று சொல்லும் நிர்வாகத்திடம் இதைக் காட்டிக் கேளுங்கள்.

மருத்துவத்தில் நடக்கும் தவறு இன்னொன்று. நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் காசநோய் என்று நினைத்து, சளியில் கிருமி இல்லாவிட்டாலும் ஆறு மாத மாத்திரை தந்துவிடுவார்கள். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் வரும், ஆஸ்பெஸ்டோசிஸ் கீழ்ப்பகுதியில். எனவே புறநோயாளிச் சீட்டிலேயே 'பிரேக் லைனிங் வேலை, இத்தனை ஆண்டு' என்று எழுதச் சொல்லுங்கள். நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி. ஸ்கேனும் ஊதிப் பார்க்கும் நுரையீரல் திறன் சோதனையும் கேளுங்கள். 'பீடி குடித்ததால் வந்தது' என்பதே எதிர்த்தரப்பின் வழக்கமான வாதம். நுரையீரல் உறையில் படியும் தகடு போன்ற தழும்பு பீடியால் வருவதில்லை. அது ஸ்கேனில் தெரிந்தால் அறிக்கையில் கட்டாயம் பதிய வைக்க வேண்டும். சட்டப்படி இந்த நோயைக் கண்ட மருத்துவர் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அறிவிப்பு வழக்குக்குப் பெரிய பலம், எழுதுவோர்தான் குறைவு.

தொழிலாளர் துறையும் மருத்துவத் துறையும் சேர்ந்து, ஓய்வு பெற்றவர்களுக்கென ஓசூரிலும் தருமபுரியிலும் ஆண்டுக்கு ஒருமுறை மார்புப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும்.

இத்தனை ஆண்டும் அந்தச் சீருடையை உதறி, ஊறவைத்து, அடித்துத் துவைத்த மனைவிமார்களுக்கும் இதே நோய் வரலாம். அவர்கள் 'தொழிலாளி' அல்ல என்பதால் ஈ.எஸ்.ஐ. ஊன உதவித்தொகையிலும் இழப்பீட்டுச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வதைத் தவிர வேறு வழி இன்று இல்லை. முகாமுக்கு அவர்களையும் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிலாளர்களுக்குச் சட்ட உதவி செய்வோர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்