ஈரச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் வேலூர் கன்சால்பேட்டையில் குடியிருக்கிறேன். இருபத்தாறு வருடமாகப் பெயிண்டிங் வேலை, அதில் பத்து வருடமாக நாலு ஆளை வைத்து மேஸ்திரியாகச் செய்கிறேன். மார்கழி பிறந்ததில் இருந்து என் போன் ஓயவில்லை. "மேஸ்திரி, வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு. கிளீனிங் கம்பெனி ஆளுங்கள விட்டு சுத்தமா கழுவிட்டோம். பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடுங்க" என்று கேட்கிறார்கள். இப்போது அடிக்க முடியாது என்றால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கழுவிய வீடு காய்ந்த வீடு ஆகிவிடாது. தண்ணீர் இடுப்பளவு நின்றால் சுவரில் இடுப்பளவுக்கு ஒரு கறைக்கோடு விழும். எல்லோரும் அந்தக் கோடு வரைதான் பார்க்கிறார்கள். திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி செங்கல்லும் பூச்சும் தண்ணீரை மேலே இழுக்கும். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு அடிக்கு ஓதம் ஏறியிருக்கும். அதன் மேல் பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் போட்டால் உள்ளே இருக்கிற ஈரம் எந்த வழியாக வெளியே வரும்? வெயில் ஏறியதும் உப்புப் பூக்கும், பெயிண்ட் உப்பும், அப்புறம் பட்டியோடு சேர்ந்து உதிரும்.

இதை நான் கற்றது 2021 நவம்பரில். பாலாறு என்றால் மணல் என்றே பழகியிருந்த நாம், ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போவதைப் பார்த்த வருடம் அது. கழிஞ்சூர் ஏரி நிரம்பி, காட்பாடி வி.ஜி.ராவ் நகருக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பக்கம் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரும் அவருடைய பேத்தியும் இருந்தார்கள். சுத்தம் செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் பணம் கட்டி வரவழைத்திருந்தார்கள். பையன்கள் பிரஷர் கன் போட்டு அடித்தார்கள், ஏதோ எலுமிச்சை வாசனை மருந்தைத் தெளித்தார்கள், அரை நாளில் கிளம்பிவிட்டார்கள். வீடு பளிச்சென்று இருந்தது. இருபதாவது நாள் நான் பெயிண்ட் அடித்தேன். கேட்டார்கள், செய்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

சித்திரையில் அந்த அம்மா திரும்பக் கூப்பிட்டார். பீரோவை நகர்த்தினோம். பட்டிக்கத்தியை வைத்து லேசாகத் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி அப்பளம் மாதிரி கழன்று கையில் வந்தது. அதன் பின்பக்கம் முழுக்கக் கடுகு கடுகாகக் கறுப்புப் பூஞ்சை. பூச்சை நகத்தால் கீறினேன், மாவாக வந்து விரலில் ஒட்டிக்கொண்டது. ஐந்து மாதம் ஆகியும் சுவர் காயவில்லை. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "தம்பி, குழந்தை இந்த ரூமுல படுத்தாதான் மூச்சு இழுக்குது" என்றார், அவ்வளவுதான். அந்தச் சுவரை என் கூலியிலேயே செங்கல் தெரிகிற வரை கொத்திவிட்டேன். வைகாசி முடிகிற வரை அப்படியே விட்டு, அதன் பிறகுதான் பூசினோம்.

ஊறிய சுவர் என்றதும் எனக்குப் பேரணாம்பட்டு ஞாபகம் வந்துவிடும். அதே நவம்பர் 19ஆம் தேதி விடியற்காலை, மழையில் ஊறிய வீடு இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. பழைய மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் உள்ளவர்கள் தண்ணீர் வடிந்ததும் உள்ளே ஓடாதீர்கள். வெளியே நின்று விரிசல் இருக்கிறதா, சுவர் பிதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்து, ஸ்விட்ச் பாக்ஸை எலெக்ட்ரீஷியன் திறந்து பார்க்காமல் விளக்கு, ஃபேன் எதையும் போடாதீர்கள். சுவருக்குள் வயர் போகிற பைப்பில் சேற்றுத்தண்ணீர் பல நாள் தங்கியிருக்கும்.

சேறு எடுப்பதை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது. தண்ணீர் வடியும்போதே, அந்தத் தண்ணீரோடு சேர்த்து வைப்பரால் வெளியே தள்ளிவிட வேண்டும். ஒரு நாள் காயவிட்டால் மம்மட்டி போட்டுச் சுரண்டினாலும் மூலையில் இருப்பது வராது. தண்ணீரில் ஊறிய பஞ்சு மெத்தையைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். மரத்தூள் பலகையில் செய்த கிச்சன் அலமாரியும் ஊறிப் பெருத்துவிட்டால் தேறாது. நம் அம்மா காலத்துக் கடப்பாக்கல் அலமாரி கழுவினால் போதும், அப்படியே நிற்கும்.

கம்பெனி அனுப்புகிற பையன்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை. சேற்றுப்புண் வந்த காலோடு, கக்கூஸ் தண்ணீரும் எலி மூத்திரமும் கலந்த சேற்றில் நிற்கிறார்கள். எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போக அந்தப் புண் ஒன்று போதும். போன மாதம் எங்கள் தெருவிலேயே ஒரு பையன் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டான். அப்படிக் கலந்தால் கிளம்புவது குளோரின் வாயு. கண்ணும் மூக்கும் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தான். நல்லவேளை, கதவு திறந்திருந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்தத் தொட்டி நிரம்பி வழிந்து நம் வீட்டுக்குள் வந்த சேற்றை மட்டும் வெறுங்கையால் அள்ளச் சொல்வது எப்படிச் சரியாகும்?

பணம் கொடுப்பவர்களும் கேட்டு வாங்க வேண்டும். சுவரில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். டார்ச் லைட் அளவில் ஒரு மீட்டர் இருக்கிறது, நானே ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மேலே நனையாத இடத்தில் என்ன எண் காட்டுகிறதோ, கீழேயும் அதற்குக் கிட்டத்தில் வருகிற வரை பெயிண்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. மீட்டர் இல்லாதவர்கள் ஒன்றரை அடி சதுரத்துக்கு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. கறையை மறைக்க அந்த உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது.

இன்ஷூரன்ஸ் உள்ளவர்களுக்கும் ஒன்று. 2021 ஏப்ரலில் இருந்து எல்லா கம்பெனியிலும் கிடைக்கிற பாரத் கிருஹ ரக்ஷா வீட்டு பாலிசியில் வெள்ளச் சேதமும் சேர்ந்திருக்கிறது. இடிபாடு அகற்றுகிற செலவுக்கும் கோரும் தொகையில் 2 சதவீதம் வரை கேட்கலாம். என் வாடிக்கையாளர் ஒருவர், சேதத்தைப் பார்க்க இன்ஷூரன்ஸ் சர்வேயர் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டுத் திண்டாடினார். கறைக்கோட்டுக்குப் பக்கத்தில் அளவு டேப்பைப் பிடித்து, உயரம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்த பிறகு கழுவுங்கள்.

மாநகராட்சி மழைக்கு மழை மோட்டார் வைத்து எங்கள் தெருத் தண்ணீரை இறைக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் வாசற்படியோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. நிக்கல்சன் கால்வாய் ஓரத்தில் இருப்பவர்களுக்கு கம்பெனியைக் கூப்பிட வசதி கிடையாது. நம் மாநகராட்சிக்கு நாலு மண்டலம். மண்டலத்துக்கு ஒரு செட் என்று சேறு இறைக்கும் பம்பு, பிரஷர் கன், பெரிய ஃபேன், ஈர மீட்டர், பூட்ஸ், கையுறை வாங்கி வைத்தால் போதும். மழை முடிந்ததும் வார்டு வார்டாக வாடகை இல்லாமல் அனுப்பலாம். மகளிர் குழுப் பெண்களுக்கும் எங்களை மாதிரிப் பெயிண்டர், கொத்தனார்களுக்கும் ஐப்பசிக்கு முன்னால் இரண்டு நாள் பயிற்சி கொடுங்கள். அந்தப் பயிற்சியில் சுவர் பற்றிச் சொல்லித்தர நான் கூலி இல்லாமல் வருகிறேன்.

இந்தப் பொங்கலுக்கு நான் ஒத்துக்கொண்டது மூன்று வீடுதான். மூன்றிலும் கோட்டுக்கு மேலே இரண்டடி விட்டு மேல்பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துத் தருகிறேன். கீழே பட்டியைச் சுரண்டி வெறும் பூச்சாக விட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் நேற்று பாலிதீன் ஒட்டிவிட்டு வந்தேன், இன்று காலை போய்ப் பார்த்தால் சொட்டச் சொட்ட இருந்தது. மாசி கடைசியில் திரும்ப ஒட்டிப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்று ஒத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டிங் மேஸ்திரி,
கன்சால்பேட்டை, வேலூர்.