மலையக வரலாற்றுத் தொகுப்பு: பின்குறிப்பு எண்கள்

வணக்கம் தோழர்களே. ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து வரும் கட்டுரைகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ள வேர்ட் கோப்புகள்தான். கட்டுரை முடிவில் வரும் பின்குறிப்புக்கு (எண்ட்நோட்) வேர்ட் தானாகப் போடுவது சிறிய ரோமன் எண் (i, ii, iii). பாமினியில் i விசையில் இருப்பது ஐகாரக் குறி, ஆகவே எண்ணுக்குப் பதில் ‘ை’ வந்து நிற்கும். யாரும் பதற வேண்டாம். எண் வடிவத்தை வேர்டிலேயே 1, 2, 3 ஆக மாற்றுங்கள்.

யுனிகோடுக்கு மாற்றும்போதுதான் கவனம் தேவை. பந்தியை மொத்தமாக வெட்டி இணைய மாற்றியில் போட்டால் குறிப்பின் தொடுப்பு அறுந்து வெறும் எண்ணாகிவிடும். எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்தைத் தனித்தனியே மாற்றுங்கள். அலுப்பான வேலை, ஆனால் வேறு வழியில்லை.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கோப்பை பிளேஸ் செய்யும்போது (உள்ளே கொண்டுவரும்போது) ‘ஷோ இம்போர்ட் ஒப்ஷன்ஸ்’ திறந்து ‘எண்ட்நோட்ஸ்’ தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிசி 2018க்கு முந்தைய பதிப்புகளில் குறிப்புகள் உயிரில்லாத எழுத்தாகவே வரும், அவற்றில் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு கட்டுரையும் தனி ஸ்டோரியாக (ஒரே தொடர் உரையாக) இருக்கட்டும். அப்புறம் எண்ட்நோட் ஒப்ஷன்ஸில் ‘ரீஸ்டார்ட் எவ்ரி ஸ்டோரி’ கொடுத்தால் கட்டுரைக்குக் கட்டுரை 1இலிருந்து தொடங்கும். ‘கன்டினியுவஸ்’ வேண்டாம்.