விவாகரத்து ஆவணம் தேடுவோருக்கு ஒரு பக்கம்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா நுழைவுச்சீட்டு, தமிழ்ப் பள்ளிச் சேர்க்கை, தூதரக முகாம் நடக்கும் நாள், மணமாலைப் பகுதி என்று நம் சங்கங்களின் இணையதளங்களில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பலவும் கிடைக்கின்றன. ஆனால் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் திருமணம் முறிந்த ஒருவர், அதற்கான ஆவணத்தை எங்கே, எப்படிப் பெறுவது என்று தமிழில் விளக்கும் பக்கம் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. தீர்ப்பு வந்த நாளில் அந்தத் தாளின் அருமை யாருக்கும் தெரிவதில்லை. மறுமணப் பேச்சு எழும்போதோ, புதிய துணைக்குக் கிரீன் கார்டு விண்ணப்பிக்கும்போதோ, இந்தியக் கடவுச்சீட்டில் துணைவர் பெயரை மாற்றும்போதோதான் அதைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் வழக்கறிஞர் தொழிலை விட்டிருப்பார். கையில் இருப்பது முத்திரையில்லாத ஒளிநகலாக இருக்கும். பக்கத்து வீட்டாரிடமோ சங்க நண்பரிடமோ கேட்கவும் மனம் கூசும். கூச்சம் உள்ள இடத்தில்தான் எழுத்தில் உள்ள வழிகாட்டுதல் மிகவும் பயன்படும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் இதற்கென ஒரு பக்கத்தை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். சட்ட உதவி அலுவலகம் ஒன்றில் படிவங்களைக் கவனிக்கும் வேலையில் இருப்பதால், அந்தப் பக்கத்தில் எவை இடம்பெற வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது இடம். அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. நாடு முழுவதற்குமான விவாகரத்துப் பதிவேடு என்று ஒன்றும் கிடையாது. எந்தக் கவுண்டியின் (மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்தில் வழக்கு நடந்ததோ, அந்த நீதிமன்றத்தின் பதிவுகளைக் காக்கும் கிளார்க் அலுவலகத்தில்தான் கோப்பு இருக்கும். திருமணம் மயிலாப்பூரில் நடந்திருந்தாலும், இப்போது குடியிருப்பது வேறொரு மாநிலமாக இருந்தாலும், அதில் மாற்றமில்லை. கவுண்டிக்குள்ளேயே எந்த அலுவலகம் என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். 254 கவுண்டிகள் கொண்ட டெக்சாஸில் திருமண உரிமம் கவுண்டி கிளார்க்கிடமும், விவாகரத்துத் தீர்ப்பு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடமும் இருக்கும். கலிஃபோர்னியாவின் 58 கவுண்டிகளில் திருமணச் சான்றிதழைக் கவுண்டி ரெக்கார்டரும், விவாகரத்துத் தீர்ப்பை அந்தந்தக் கவுண்டியின் சுப்பீரியர் நீதிமன்றமும் தருகின்றன. நியூயார்க்கிலோ கவுண்டி கிளார்க்கே விவாகரத்துக் கோப்பையும் வைத்திருக்கிறார். ஆனால் அங்கே புரூக்ளின்வாசிகள் தம் கவுண்டியின் பெயர் கிங்ஸ் என்பதையும், மன்ஹாட்டன்வாசிகள் தம்முடையது நியூயார்க் கவுண்டி என்பதையும் அறிந்திருக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு விசித்திரம் உண்டு. அங்குள்ள லிங்கன் கவுண்டி, இரு தரப்பும் ஒத்துப்போகும் வழக்குகளை மாநிலத்தின் பிற பகுதியினரிடமிருந்தும் அஞ்சல் வழியே ஏற்றுவந்திருக்கிறது. எனவே சியாட்டில் பக்கம் வாழ்ந்து பிரிந்த ஒரு தம்பதியின் கோப்பு, அவர்கள் ஒருமுறைகூடக் கால் வைத்திராத ஊரில் இருக்கலாம். சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டியில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் லிங்கன் கவுண்டியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எந்தத் தாள் என்பது. மாநிலச் சுகாதாரத் துறைகள் தரும் சான்றிதழை விவாகரத்துத் தீர்ப்பு என்று நம்பிப் பணத்தையும் மாதங்களையும் இழப்பவர்கள் அதிகம். நியூயார்க் சுகாதாரத் துறை 1963 முதலான விவாகரத்துகளுக்குச் சான்றிதழ் தருகிறது. அதில் விவாகரத்து நடந்தது என்ற செய்தி இருக்குமே தவிர, தீர்ப்பின் நிபந்தனைகள் இருக்கமாட்டா. டெக்சாஸ் தருவது 1968 முதலான பதிவுகளுக்கான உறுதிக் கடிதம் மட்டுமே. அது தீர்ப்பின் இடத்தில் செல்லாது. கலிஃபோர்னியாவின் மாநில அலுவலகம் 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டும் ஒரு பதிவுச் சான்று கொடுக்கிறது. பெயர்கள், கவுண்டி, வழக்கு எண் ஆகியவற்றைத் தவிர அதில் ஒன்றும் இருக்காது. வந்து சேர ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நம்மவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பின் வந்தவர்கள் என்பதால், அந்த அலுவலகத்துக்கு எழுதுவதே வீண். வழக்கு எண் மறந்துபோன பழைய வழக்குக்கு வேண்டுமானால் அது உதவும்.

கிளார்க் அலுவலகத்தில் கேட்க வேண்டியது தீர்ப்பின் சான்றிடப்பட்ட நகல், அதாவது மூலத்தின் உண்மையான நகல் என்று கிளார்க் சான்றளித்த நகல். கலிஃபோர்னியாவில் அது எஃப்.எல்-180 என்ற படிவத்தை முகப்பாகக் கொண்டிருக்கும். திருமண நிலை எந்தத் தேதியில் முடிகிறது என்பது அதன் முதல் பக்கத்தின் மேற்பகுதியிலேயே இருக்கும். அந்த மாநிலத்தில் எதிர்த்தரப்புக்கு மனு சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கழியாமல் திருமண நிலை முடிவுக்கு வராது. ஆகவே தீர்ப்பில் நீதிபதி கையெழுத்திட்ட தேதியும் இந்தத் தேதியும் வேறுபடலாம். மறுமண விண்ணப்பத்தில் எழுத வேண்டியது திருமண நிலை முடியும் தேதியைத்தான். சில வழக்குகளில் திருமண நிலையை மட்டும் முதலில் முடித்துவிட்டு, சொத்தையும் ஜீவனாம்சத்தையும் பின்னொரு தீர்ப்பில் தீர்த்திருப்பார்கள். அப்படியானால் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

நேரில் போக முடியாதவர்கள் அஞ்சலில் கேட்கலாம். பெயர்கள், வழக்கு எண், தோராயமான ஆண்டு ஆகியவற்றை எழுதி, தபால்தலை ஒட்டிய தன்முகவரி உறையையும் காசோலையையும் இணைக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிடப்பட்ட நகலுக்கு 15 டாலர். சான்றில்லாத பக்கங்களுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். வழக்கு எண் இல்லாமல் கேட்டு, தேடுவதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் மேலும் 15 டாலர். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியாதபோது, காசோலையில் தொகையை நிரப்பாமல் விட்டு, இவ்வளவுக்கு மேற்படக் கூடாது என்ற வரம்பை அதன் மேல் எழுதி அனுப்புவது அங்கு வழக்கம். முதல்முறை கேட்பவர்களுக்கு இது அச்சமூட்டும், ஆனால் கிளார்க்குகள் நாள்தோறும் கையாளும் முறைதான் இது. இந்தியாவுக்குத் திரும்பிவிட்டவர்களுக்கு அமெரிக்கக் காசோலையே பெரிய தடை. இங்கே நம்பகமான ஒருவர் தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் பெயர். கிளார்க் அலுவலகங்கள் குடும்பப் பெயரைக் கொண்டே தேடுகின்றன. நமக்கோ தலைப்பெழுத்துத்தான் உண்டு. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகி, திருமணத்துக்குப் பின் அந்த இடத்தில் கணவரின் பெயர் வந்து, விசாவில் முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்து, ஒரே பெண் மூன்று ஆவணங்களில் மூன்று பெயரோடு இருப்பார். வழக்குத் தாக்கலான நாளில் எந்தப் பெயர் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ, அதில்தான் கோப்பு கிடைக்கும். ஆகவே விண்ணப்பக் கடிதத்தில் இருவரின் பெயர்களையும் முன்பின்னாக மாற்றி, தலைப்பெழுத்தை விரித்து, எல்லா வடிவங்களிலும் எழுதுமாறு நம் பக்கம் அறிவுறுத்த வேண்டும். முன்னாள் துணைவரின் பெயரைக் கொண்டும் தேடச் சொல்லலாம். ஒரு தரப்பின் பெயர் சிதைந்திருந்தாலும் மறு தரப்பின் பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இந்தியாவில் காட்டுவதற்காக ஆவணம் கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1975-இல் திருப்பதியில் திருமணம் செய்துகொண்ட ஒருவர், மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றத்தில் 1980-இல் மனைவி வராத நிலையில் விவாகரத்துப் பெற்று, அடுத்த ஆண்டு இந்தியாவில் மறுமணம் செய்துகொண்டார். முதல் மனைவி இருதாரக் குற்றம் சாட்டினார். கீழ் நீதிமன்றம் அமெரிக்கத் தீர்ப்பின் ஒளிநகலை ஏற்று அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் ஒளிநகல் சாட்சியமாகாது என்று அதை ரத்து செய்தது. 1991-இல் உச்ச நீதிமன்றமும் முறைப்படி சான்றிடப்படாத வெறும் ஒளிநகல் போதாது என்றது. அதோடு நிற்கவில்லை: திருமணம் எந்தச் சட்டத்தின்படி நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும் காரணமும் இருக்க வேண்டும், விதிவிலக்காக, மறுதரப்பு தாமாக முன்வந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு வழக்காடியிருந்தாலோ விவாகரத்துக்கு இசைந்திருந்தாலோ ஏற்கலாம் என்றும் வகுத்தது. இதன் நடைமுறைப் பொருள், தீர்ப்பை மட்டும் வாங்கினால் போதாது என்பதே. மறுதரப்பு தாக்கல் செய்த பதிலுரை, மனு சேர்ப்பித்ததற்கான சான்று, இருவரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஆகிய பக்கங்களையும் சான்றிட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அவற்றின் மேல் அந்த மாநிலச் செயலரிடம் அப்போஸ்டில், அதாவது ஆவணத்தை வேறு நாட்டில் காட்டுவதற்கான மேல்சான்று, பெற வேண்டும். கலிஃபோர்னியாவில் அதற்கு ஆவணத்துக்கு 20 டாலர். அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005 முதல் பொருந்துகிறது. கிளார்க்கிடம் நகல் கேட்கும்போதே இது அப்போஸ்டிலுக்காக என்று சொல்லிவிட்டால், அதற்கு ஏற்ற அதிகாரியின் கையெழுத்தோடு தருவார்கள்.

தனியுரிமையைப் பற்றியும் எழுத வேண்டும். நியூயார்க்கில் விவாகரத்துக் கோப்பைத் தம்பதியரும் அவர்களின் வழக்கறிஞர்களும் மட்டுமே பார்க்கலாம். நூறாண்டு வரை மற்றவர்களுக்கு மூடியே இருக்கும். கலிஃபோர்னியாவில் முத்திரையிட்டு மூடப்படாத கோப்பை நீதிமன்றத்துக்கு நேரில் போகும் எவரும் கேட்டுப் பார்க்கலாம், இணையத்தில் மட்டும் குடும்ப வழக்கின் ஆவணங்கள் கிடைக்காது. மாப்பிள்ளை வீட்டார் போய்ப் படிக்க முடியும் என்று தெரிந்து திடுக்கிடுபவர்கள் உண்டு. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது மேல். உடனடியாக விவாகரத்து ஆவணம் தருவதாக விளம்பரம் செய்யும் தனியார் தளங்கள் கொடுப்பது வெறும் பெயர்ப் பட்டியல்தான். அவற்றால் சான்றிட்டுத் தர முடியாது.

எனவே சங்கங்கள் உதவும் விதத்திலும் கவனம் வேண்டும். இதற்காக வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட வேண்டாம். கேட்டவர் யார் என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும். பக்கத்தை யாரும் பெயர் பதியாமல் படிக்க முடிய வேண்டும். உங்கள் உறுப்பினர்கள் அதிகம் வாழும் கவுண்டிகளின் கிளார்க் அலுவலக முகவரி, கட்டணம், விண்ணப்பக் கடிதத்தின் ஆங்கில மாதிரி ஒன்று ஆகியவை அதில் இருந்தால் போதும். நீதிமன்றத்துக்கு அருகில் வசிக்கும், வாயடக்கம் உள்ள இருவர் ஆவண உறையை வாங்கி அனுப்ப முன்வந்தால், வெளிநாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு அது பேருதவி. பக்கத்துக்கான இணைப்பை மணமாலைப் பகுதியிலேயே வையுங்கள். தேவைப்படுவோர் அங்கேதான் வருவார்கள். கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால், ஆண்டுதோறும் புதிய செயற்குழு பொறுப்பேற்கும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வரைவை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
சாண்டா கிளாரா கவுண்டியில் வசிக்கும் ஒரு சங்க உறுப்பினர்